மாப்பிள்ளை இல்லாமல் ஒரு வீடு

"வாப்பா, ஊட்ட என்ட பேருக்கு எழுதித் தாங்க. மாப்புள வேணாம்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, மாட்டிறைச்சி ஆணத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த வாப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் பிசைவதை நிறுத்தவில்லை. வாப்பா மேசன்; சாய்ந்தமருதில் சரீப் பாஸ் என்று கேட்டால் எவனும் வீட்டைக் காட்டுவான். கலவை கையில் இருக்கும்போது கையை நிறுத்தக் கூடாது என்று பழகிய மனிதர். உம்மாதான் கையிலிருந்த அகப்பையைச் சட்டிக்குள் விட்டார்.

"பொட்டப்புள்ள வாயால ஊடு கேக்கிறதா? ஒனக்குப் பத்து வயசிலயே சொன்னன் இல்லியா?"

சொன்னார்தான். பத்து வயதில் ஒரு தடவை, பெரியபிள்ளையானபோது ஒரு தடவை, கம்பஸ் கிடைத்தபோது மூன்று தடவை. மாப்பிள்ளை வீடு கேட்கலாம். மாப்பிள்ளையின் உம்மா கேட்கலாம். மாப்பிள்ளைக்கு மூத்த ராத்தா கட்டாரிலிருந்து வீடியோ கோலில் வந்து, "பின்பக்கத்தையும் ஒருக்காக் காட்டுங்க" என்று கேட்கலாம். எவள் பெயருக்கு வீடு எழுதப்படுகிறதோ, அவள் மட்டும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் ஆசைக்காரி.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பொத்துவில் தொடங்கி மருதமுனை வரைக்கும் எங்கள் பக்கத்தில் பெண் பிறந்தால் முதலில் பெயர் வைப்பார்கள், அடுத்து அத்திவாரம் போடுவார்கள். கலியாணம் முடிந்து பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் சூட்கேசோடு வந்து சேருவார். உம்மாவும் வாப்பாவும் வளவின் பின்பக்கம் ஒதுங்கிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் ஒதுங்குவதற்கு மாப்பிள்ளை வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. சமைக்கிற குசினியோடு ஒட்டிய தகர அறையில் நாங்கள் மூன்று பேரும் கிடந்தோம். முன்னால் இரண்டு தட்டு வீடு, டைல்ஸின் மேல் காட்போட் விரித்து, ஜன்னலுக்குச் சீலை போட்டு, யாரோ ஒருவனுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

வாப்பா இருபத்தைந்து வருடம் கிழமை நாட்களில் ஊரார் மகள்மாருக்கும் வெள்ளிக்கிழமைகளில் எனக்கும் வீடு கட்டினார். நான் ஒத்தைப் பிள்ளை. கடைசியில் பார்த்தால் ஊரிலுள்ள வீடுகளில் எங்கள் வீடுதான் திறம். மேல்தட்டுக்குப் பிளான் கீறியவள் றுஸ்னா. அவளைப் பற்றி இப்போது வருகிறேன்.

என் விஷயத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒலுவில் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் புவியியல். பட்டச் சான்றிதழை உம்மா சட்டம் போட்டு முன் விறாந்தைச் சுவரில், ஏசிக்காக விட்ட ஓட்டைக்குப் பக்கத்தில் மாட்டினார். வீடு பார்க்க வருகிறவர்கள் இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். போன மாதம் ஆசிரியர் நியமனமும் வந்தது, ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலைக்கு. அடுத்த திங்களுக்கு அடுத்த திங்கள் அங்கே நிற்க வேண்டும். தெருவே ஒரே புத்தி சொன்னது: கெதியாக ஒருவனைக் கட்டு, புருஷனைக் காட்டி ஊருக்கு மாற்றம் எடு. இருபத்தாறு வயதுப் பட்டதாரிக்கு மாற்றம் எடுப்பதற்கு ஒரு கடிதம் போதாது, ஒரு ஆம்பிளை வேண்டும். அந்த அவசரத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்.

"மாப்புள இல்லாம ஊட்டுக்குள்ள தனிய இருந்து என்ன செய்யப்போறாய்? வௌவால் மாதிரித் தொங்கப்போறியா?"

"தனிய இல்ல உம்மா. றுஸ்னாவோட இருக்கப்போறன்."

றுஸ்னா பாலமுனைக்காரி. கம்பஸில் என் அறைக்காரி. இப்போது கல்முனையில் வீட்டுப் பிளான் கீறும் கந்தோரில் வேலை. உம்மாவுக்கு அவள் என்றால் உயிர். போன மூன்று சம்பந்தத்தையும் நான் தட்டிவிட்டபோது, எனக்குப் புத்தி சொல்லும் பொறுப்பை உம்மா அவளிடம்தான் கொடுத்தார். "நீ சொன்னாக் கேப்பாள் கா, ஒழுங்காச் சொல்லிக் குடு." அவளும் தகர அறைக்குள் வந்து, கதவைச் சாத்தி, என் தோளில் தலையை வைத்துக்கொண்டு, வெளியே கேட்கிற மாதிரி, "நல்ல மாப்புள கா, கட்டு கா!" என்று கத்துவாள். உம்மா வெளியே நின்று கையேந்தித் துஆக் கேட்பார்.

"அவள் கிழமைக்கு மூணு நாள் இஞ்சதானே கெடக்கிறாள்? அதுக்கு ஊட்டு உறுதி எழுதணுமா?" என்றார் உம்மா.

"அப்பிடி இல்ல. நீங்களும் வாப்பாவும் இரிக்கிற மாதிரி."

உம்மா வாப்பாவைப் பார்த்தார். "நாங்க எங்க ஒழுங்கா இரிக்கிறம்? இந்த மனிசன் என்னோட கதைச்சி மூணு நாள்."

"உம்மா! புருஷன் பொஞ்சாதி மாதிரி."

வாப்பாவின் கை அப்போதுதான் நின்றது. வாப்பா பாதிச் சோற்றோடு எழும்பிக் கையைக் கழுவினார். சற்று நேரத்தில் வளவுக்குள் மண் அரிக்கும் சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமைதானே.

உம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஆராச்சும் என்னத்தயும் செஞ்சி போட்டாங்களா?"

"இல்ல."

"தொழுறதானே நீ?"

"ஓம்."

"நோன்பு?"

"எல்லாம் புடிக்கிறன்."

"பின்ன?" என்று கேட்டுவிட்டு, வாப்பா விட்டுப்போன சோற்றுக் கோப்பையை வெகுநேரம் கழுவினார்.

அடுத்த மூன்று நாளும் நான் போருக்கு ஆயத்தமாக இருந்தேன். அடையாள அட்டையையும் நியமனக் கடிதத்தையும் உடுப்புப் பையின் அடியில் ஒளித்தேன். செய்வினை என்று ஓதிப் பார்க்க ஆளைக் கூட்டி வந்தால் என்ன சொல்வது, அறையில் பூட்டினால் தகரத்தை எந்தப் பக்கம் கழற்றுவது, எல்லாம் யோசித்து வைத்தேன். உம்மா அழுதால் சொல்ல ஒரு பேச்சு, வாப்பா அடித்தால் சொல்ல ஒரு பேச்சு. ஒருவரும் அழவில்லை, ஒருவரும் அடிக்கவில்லை. நான்கு வருடமாகச் சேர்த்த கோபம் அப்படியே கிடந்து புளித்தது.

செவ்வாய்க்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மா தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொண்டுவந்து முன்னால் வைத்தார். பெற்ற மகளுக்குப் பிஸ்கட் வைத்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

"பொத்துவில்ல ஆமினா உம்மா எண்டு ஒராள். ரெண்டு ஆம்புளப் புள்ளயள். மூத்தவன் றிம்சான், இரும்புக் கட வெச்சிரிக்கான். இளையவன் றிபாத், அறுகம்பேயில வெள்ளக்காரனுக்கு அலையில ஓடுற பலக வாடகைக்குக் குடுக்கிறான். ரெண்டு பேரும் நல்ல புள்ளயள்."

"எனக்கு வேணாமெண்டு சொன்னன்."

"பொறுகா, முழுசாக் கேளு. மூத்தவன் ஒனக்கு. இளையவன் றுஸ்னாக்கு."

நான் பிஸ்கட்டைக் கடிக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை.

"நீ மேல, அவள் கீழ. ஒரே வளவு, ஒரே கெணறு. அண்ணன் தம்பி கட்டினா நீங்க ரெண்டு பேரும் சொந்தக்காரர். உசிர் போய் மௌத்தாகுமட்டும் ஒண்டா இரிங்க. ஆர் என்ன கேக்கப்போறாங்க? ரெண்டு பேரும் நல்ல ஒத்தும எண்டுதான் ஊர் சொல்லும்."

"றுஸ்னாட வாப்பா?"

"அந்த மனிசனுக்கு அத்திவாரம் போடவே வக்கில்ல. ஊட்டோட மாப்புள குடுத்தா வேணாமெண்டுவாரா? கீழ்த்தட்ட அவள்ட பேருக்கு எழுதுறன் எண்டு வாப்பாவும் சொல்லிட்டார்."

இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் அடுத்தவர் மகளுக்குச் சோறு கொடுப்பார்கள், உடுப்புக் கொடுப்பார்கள். வீடு கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இருபத்தைந்து வருட வெள்ளிக்கிழமைகளில் பாதியை என் உம்மாவும் வாப்பாவும் பாலமுனைக்காரி ஒருத்திக்குத் தூக்கிக் கொடுக்கிறார்கள். ஏன் என்றால் நான் அவளை விரும்புகிறேன். அது அவர்களுக்கு விளங்கியிருக்கிறது. விளங்கியதை வைத்துக்கொண்டு இரண்டு ஆம்பிளைகளைத் தேடியிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தை எந்தப் பக்கம் எறிவதென்று தெரியவில்லை.

"உம்மா, அந்த ரெண்டு பேருக்கும் இது தெரியுமா?"

"என்னத்துக்கு? ஊடு காட்டக்க அத்திவாரத்தத் தோண்டியா காட்டுறம்? ஞாயித்துக்கிழம பத்து மணிக்கு வாறாங்க. தேத்தண்ணியக் குடி, ஆறுது."

மறுநாள் கல்முனைக்கு ஓடினேன், றுஸ்னாவோடு சேர்ந்து சிரிக்க. அவள் சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் கணினியில் எங்கள் வீட்டுப் பிளானைத் திறந்து வைத்திருந்தாள்.

"ஒன்ட வாப்பா காலையில வந்தவர்," என்றாள். "சீமெந்துக் கையோட. கதிரையில இருக்கல்ல, அழுக்காகுமாம்."

"என்ன கேட்டார்?"

இரண்டு குடும்பம் என்றால் வீட்டுக்குள் இருக்கும் படியை அடைத்து, நடுவில் சுவர் எழுப்பி, மேல்தட்டுக்கு வெளியால் ஒரு படி வைக்க வேண்டும். அதுதான் வழமை. வாப்பா வெளிப் படி கேட்டிருக்கிறார். உள்படியை அடைக்க வேண்டாம் என்றிருக்கிறார். சுவர் வருகிற இடத்தில் ஒரு கதவு போடச் சொல்லியிருக்கிறார்.

"'நீங்க ரெண்டு பேரும் வெயில்ல எறங்கி ஏறத் தேவல்லதானே மகள்' எண்டார்," என்றாள் றுஸ்னா. அவள் கண் கலங்கியிருந்தது. "என்ன மகள் எண்டார் கா."

"நீ என்ன சொன்னாய்?"

"கீறிக் குடுத்தன்."

"றுஸ்னா!"

"கத்தாத, முதலாளி உள்ளுக்குள்ள. நீ நல்லா யோசி. மூத்தவன் விடியக் கடைக்குப் போவான். இளையவன் கடலுக்குப் போவான். எட்டு மணியில இருந்து ஆறு மணிமட்டும் நாமதானே."

"அதுக்குப் பேரு கந்தோர் வேலை."

"லீவு நாளும் வரும்."

"இரவைக்கு?"

அவள் திரையில் அந்தக் கதவைப் பெரிதாக்கினாள், சிறிதாக்கினாள்.

"சொல்லு கா, இரவைக்கு? நீ கீழ ஒருத்தனோட, நான் மேல ஒருத்தனோட. புள்ளயும் வரும். ஒன்ட புள்ள என்னப் பெரியம்மா எண்டு கூப்புடும். நாம பெருநாளைக்குக் கட்டிப்புடிச்சி முஸாபஹாச் செய்வம்."

"நான் வாய் தெறந்தா கூடப் பொறந்த காக்காவே என்ட கழுத்த நெரிப்பான்," என்றாள் றுஸ்னா. "ஒன்ட வாப்பா கதவு போட்டுத் தாறார். ரெண்டுக்கும் வித்தியாசம் ஒனக்கு விளங்கல்லியா? ஒனக்குப் படிச்ச திமிர். ஒண்டும் இல்லாத எனக்கு இது பெரிசு."

விளங்கியது. விளங்கியதால்தான் மேசையில் குத்தினேன். உள்ளேயிருந்து முதலாளி, "என்ன புள்ள, கரப்பானா?" என்று கேட்டார். "ஓம் சேர்," என்றாள் றுஸ்னா.

"ஹட்டனுக்கு வா," என்றேன் மெதுவாக.

"வந்து?"

"குளிர்ல கெடப்பம். எனக்குச் சம்பளம் வரும். அங்கயும் மனிசர் ஊடு கட்டுவாங்க, பிளான் கீறு."

"நீ போறண்டாப் போ. வருவன் எண்டு சொல்லன். வரமாட்டன் எண்டும் சொல்லன்." அவள் முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. "கோவிக்காத. நான் ஒன்ன மாதிரி இல்ல."

சனிக்கிழமை வாப்பா கதவு நிலையை வைத்தார். சனிக்கிழமை அவர் எங்கள் வீட்டில் வேலை செய்து நான் பார்த்ததில்லை. யாரோ ஒருவரின் மகளின் வீடு அன்றைக்குக் காத்திருந்தது. நான் போய் நிலையின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். சின்ன வயதிலிருந்து பிடிக்கிறவள்தான். அவர் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் என்னோடு கதைத்த முதல் கதை, "இடப்பக்கம் ஒரு நூல் அளவு தள்ளு" என்பதுதான்.

தள்ளினேன். நல்ல வேம்பு மரம். அந்த நேரத்தில், உண்மையைச் சொன்னால், என் மனமும் ஒரு நூல் தள்ளிப் போனது. இந்த மனிதருக்குத் தெரிந்த மொழி செங்கல்தான். அதில் அவர் என்னிடம் சொல்லக்கூடிய ஆகப் பெரிய சொல் இந்தக் கதவு. சரி என்று சொல்லிவிடலாமா? பொத்துவிலான் இரும்புக் கடையில் இருப்பான். பகல் முழுவதும் பகல்தானே. நான் கிட்டத்தட்ட சொல்லியே இருப்பேன். அவர் பையிலிருந்து பூட்டையும் அதன் சாவியான திறப்பையும் எடுத்தார்.

"பூட்டு எந்தப் பக்கம் வாப்பா?"

அவர் யோசிக்கவில்லை. கட்டட விஷயத்தில் வாப்பா பொய் சொல்லமாட்டார். "மேல் பக்கம்."

"தெறப்பு ஆர்ட கையில?"

"மாப்புளட கையில. ஊட்டுத் தெறப்பு ஆம்புளட கையிலதானே மகள் இரிக்கிற."

"கீழ?"

"கீழ்ப் பக்கமும் ஒரு கொண்டி வெக்கணும். இல்லாட்டி இளையவர் குறையா நெனப்பார்."

"அப்ப எனக்கும் றுஸ்னாவுக்கும் என்ன இரிக்கி?"

வாப்பா பூட்டைப் பார்த்தார். நிலையைப் பார்த்தார். ஏற்கெனவே அளந்த இடத்தை மறுபடி அளந்தார்.

"கதவு இரிக்கிதானே," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. வாப்பாவும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல், மகள் ஒரு கிழமைக்குப் பிறகு சிரிக்கிறாள் என்ற சந்தோஷத்தில். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எங்கள் நிக்காஹ்வில் பெண்ணின் கையெழுத்துக்கு இடம் இல்லை. வாப்பா வைத்தால் முடிந்தது. நான் ஹட்டனில் இருந்தாலும், சந்திரனில் இருந்தாலும், இவர் பேனையைத் தொட்டால் நான் றிம்சானின் பெண்சாதி. அதனால் கேட்டேன். "நான் இல்லாத நேரம் கையெழுத்து வெச்சிருவீங்களா வாப்பா?"

அவர் தூக்குக்குண்டின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"நீ ஓம் எண்டு சொல்லாம நான் வெக்கமாட்டன்," என்றார். "உம்மா கத்துவாள். கத்தட்டும்." பிறகு, "நெலையப் புடி, சரியுது," என்றார்.

பிடித்தேன். பிடித்துக்கொண்டே முடிவெடுத்தேன்.

ஞாயிறு காலை உம்மா டைல்ஸின் மேலிருந்த காட்போட்டை எல்லாம் கிளப்பி எடுத்தார். வீடு பளபளவென்று, குளிப்பாட்டிய ஆடு மாதிரி நின்றது. எனக்கு உத்தரவு, குசினிக்குள் இருக்க வேண்டும். முதல் நாள் வீடு பார்க்கத்தான் வருவார்கள், பெண்ணைக் காட்டுவதில்லை. பெண் பிறகு. வீடு பிடித்தால்.

பையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் முன் விறாந்தைக்கு வந்தபோது உம்மா தட்டில் கேக் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்க?"

"ஹட்டனுக்கு."

"விசரா? ஊடு பாக்க வாறாங்க!"

"பாக்கட்டுமே. ஊடு எங்கயும் போகல்ல."

"நாளைக்குத்தானே வேலை?"

"இண்டைக்குப் போனாத்தான் நாளைக்கு நிக்கலாம்."

உம்மா கேக் தட்டோடு வந்து வழியில் நின்றார். அவருக்கு என் பையைப் பிடிக்க வேண்டும். தட்டை வைக்க இடமில்லை. "றுஸ்னாவும் வாறாளா?"

"தெரியா."

"அவள் வரல்லெண்டா நீ என்ன மண்ணுக்குப் போறாய்? அவளுக்காகத்தானே இவ்வளவு கூத்தும்?"

"அவள் வந்தாலும் வராட்டியும் நான் இப்பிடித்தான் உம்மா."

அதுவரை அவர் அழவில்லை. இப்போதும் அழவில்லை. கேக் தட்டை என் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். "அப்ப இந்த ஊட்ட நான் என்ன செய்யிற? ரெண்டு தட்டு! ஆருக்குக் கட்டின?"

"நீங்களும் வாப்பாவும் இரிங்க. மேல ஒரு மெத்த பொலித்தீனும் கழட்டாமக் கெடக்கு. ஏறிப் படுங்க. காலையில எழும்பிக் கடலப் பாருங்க."

"நாங்களா? மெத்தையிலயா?" வெட்கம், கோபம், எல்லாம் ஒன்றாக வந்து உம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. அந்த இடைவெளியில் நான் அவரைச் சுற்றிக்கொண்டு இறங்கிவிட்டேன். "போ! குளிர்ல வெறச்சிச் சாவு!" என்று பின்னால் கத்தினார். பிறகு இன்னும் உரத்து, "காதுக்குச் சீலையக் கட்டு!"

வாப்பா வளவில் நின்றார். என்னைத் தடுக்கவில்லை. கையை உயர்த்தினார், போ என்பதற்கா, நில் என்பதற்கா என்று எனக்குத் தெரியவில்லை. நான் போ என்று எடுத்துக்கொண்டேன்.

கேற்றைத் திறக்கும்போது வேன் ஒன்று வந்து நின்றது. கறுப்பு அபாயாவில் பருத்த ஒரு பெண்மணி முதலில் இறங்கினார், பின்னால் இரண்டு இளம் பெண்கள். மூன்று பேரும் நிலத்தைப் பார்க்காமல் மேல்தட்டைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்கள்.

"இது சரீப் பாஸ்ட ஊடா புள்ள?" என்றார் ஆமினா உம்மா.

"ஓம்."

"கெணத்துத் தண்ணி எப்பிடி? உவரா?"

"இல்ல, நல்ல தண்ணி."

"மேலுக்குக் காத்து வருமா?"

"நல்லா வரும்."

அப்போதுதான் அவர் கண் மேல்தட்டிலிருந்து என் பையில் இறங்கியது. "நீங்க ஆரு, பக்கத்து ஊடா?"

"இல்ல மாமி," என்றேன், அவர்கள் உள்ளே போக வசதியாகக் கேற்றை அகலப் பிடித்துக்கொண்டு. "நான் தூரம்."

அவர்கள் உள்ளே போனார்கள். நான் வெளியே போனேன். ஹட்டனுக்குப் பதுளையில் மாற வேண்டும்; பதுளை பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. மெயின் வீதிக்கு நடந்தே போய்விடலாம்.